ஐந்து டின்களும் ராயப்பராஜ் மாஸ்டரும்

பொறாமைப்படுவதில் ராயப்பராஜ் மாஸ்டரை மிஞ்ச வேடசந்தூர் ரோட்டில் ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு போர்வெல்லில் தண்ணீர் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மச்சினன் புது மொபெட் வாங்கியபோது, அதில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆறு மாதம் கழித்து அவரும் அதே மொபெட்டை அதே நிறத்தில் வாங்கினார்.

நாங்கள் இருவரும் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தோம். அவர் கேண்டீன் சமையல் மாஸ்டர். நான் அவருக்கு அரிசி பருப்பு நிறுத்துக் கொடுக்கும் ஸ்டோர் கீப்பர். அவர்மேல் எனக்கு மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு. எது கூட என்று கேட்டால் நாளைப் பொறுத்துச் சொல்வேன்.

மாஸ்டருடையது கன்னிவாடிப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பி இருந்த குடும்பம். மழை பொய்த்த ஒரு வருடம் வீட்டை விட்டுக் கிளம்பி, மதுரையில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, அங்கேயே சமையலைப் பிடித்துக்கொண்டார். சமையலோடு அந்த மெஸ்ஸின் வழக்கம் ஒன்றும் கையோடு வந்துவிட்டது. குழம்பு ஊற்றும்போது பாதியில் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "போதுமா?" என்று கேட்பார். தட்டு நீட்டியவர்கள், "போதும் மாஸ்டர்" என்பார்கள். வரிசை விறுவிறுவென்று நகரும். ஒரு பருக்கை வீணாகாது. அதில் அவருக்குப் பெருமை.

கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது. அவர் வைக்கும் தட்டப்பயறுக் குழம்பைப் போல என் வீட்டில் ஒருநாளும் அமைந்ததில்லை. இதை என் மனைவியிடமும் ஒருமுறை சொல்லித் தொலைத்தேன்.

அவருக்குக் கீழே காய் நறுக்க வந்தவர் மாயக்காள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, தாளிப்பது, வடிப்பது என்று ஒவ்வொன்றாக மாஸ்டரிடமே கற்றுக்கொண்டார். 1996-ல் ஆலைக்குச் சாயங்கால ஷிப்ட் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னொரு சமையல்காரர் வேண்டும் என்றபோது மேனேஜர் மாயக்காளைக் கைகாட்டினார். மதியச் சாப்பாடு மாஸ்டர் பொறுப்பு, ராத்திரிச் சாப்பாடு மாயக்காள் பொறுப்பு. அவரவர் சமைத்ததை அவரவரே பரிமாற வேண்டும்.

அன்று தொடங்கியது வினை. மாயக்காளையும் யாராவது மாஸ்டர் என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று இவர் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார். யாரும் கூப்பிடவில்லை. எல்லாரும் "மாயக்கா" என்றார்கள். அதைக் கேட்டதும் இவருக்கு இன்னும் எரிந்தது.

"பாத்தியா அப்பு, என்னைய மாஸ்டர்ங்கிறாய்ங்க. அவள அக்காங்கிறாய்ங்க" என்றார் என்னிடம். முருகேசன் என்கிற என்னை அவர் அப்பு என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கான்னா கொறச்சல்தான மாஸ்டர்?"

"ஒனக்குப் புரியாது" என்று பருப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

1998-ல் ஆலைக்குத் தரச் சான்றிதழ் வாங்கும் வேலை நடந்தது. அதற்காகப் புதிதாக வந்த பெர்சனல் ஆபீசர் சத்யபிரியா. சின்னாளபட்டிப் பெண், எம்.பி.ஏ. படித்தவர். தொழிலாளர்களின் திருப்தியை அளக்க வேண்டும் என்றார். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்து, கேண்டீனிலிருந்து தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மேனேஜரும் ஒரு குண்டைப் போட்டார். இரண்டாவது யூனிட்டில் பெரிய கேண்டீன் வரப்போகிறது, அளவெடுப்பில் யார் முன்னால் நிற்கிறாரோ அவர்தான் இரண்டுக்கும் தலைமைச் சமையல்காரர் என்று. மாஸ்டர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அளவெடுப்பு எளிமையானது. மதியத்துக்கு ஐந்து, ராத்திரிக்கு ஐந்து என்று பிஸ்கட் டின்கள். அவற்றின் மேல் மிக நன்று, நன்று, பரவாயில்லை, சுமார், மோசம் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. சாப்பிட்டு முடித்தவர் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தன் மனசுக்குப் பட்ட டின்னில் போட வேண்டும். ஷிப்ட் வாரம் ஒருமுறை மாறுவதால் எல்லாரும் இருவர் சாப்பாட்டையும் சாப்பிட்டு எடை போட்டுவிடுவார்கள். பரவாயில்லை பெரிதா, சுமார் பெரிதா என்று ஸ்பின்னிங்கில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தது மட்டும்தான் ஆரம்பத்தில் கண்ட குறை.

முதல் மாதம் மாஸ்டருக்கு ஏறுமுகம். மத்தியானத்து மிக நன்று டின்னில் கொட்டை நிரம்பி வழிந்தது. மாயக்காளுக்கும் மிக நன்றில்தான் அதிகம், ஆனால் மற்ற டின்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தது. மாஸ்டர் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு என் ஸ்டோருக்கு வந்து, ஏலக்காய் டீ போடச் சொல்லி ஏலக்காயும் என்னிடமே கேட்டார்.

சத்யபிரியா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். அந்த மாதம் ஒருநாள் மாஸ்டருக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. கருகல் வாடை கேட் வரைக்கும் வந்தது. அன்றைக்கும் டின்னில் மிக நன்றுதான்.

"அடிப்பிடிச்ச சோத்துக்கும் இதே மார்க்குன்னா, இது எதையும் அளக்கலைன்னு அர்த்தம் முருகேசன் சார்" என்றார் என்னிடம். அப்புறம் கேண்டீனைச் சுற்றிப் பார்த்தார். டின்கள் பரிமாறும் மேடைக்கு எதிரிலேயே இருந்தன. மாஸ்டர் கரண்டியும் கையுமாக அவற்றையே முறைத்துக்கொண்டு நின்றார். நாளைக்கும் அவரிடம்தான் தட்டை நீட்ட வேண்டும். எவன் மோசத்தில் போடுவான்? ராத்திரியில் மாயக்காள் பரிமாறி முடித்ததும் உள்ளே பாத்திரம் ஒதுக்கப் போய்விடுவார், டின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

டின்கள் கை கழுவும் இடத்துச் சுவருக்குப் பின்னால் போயின. மாஸ்டரின் மார்க்கும் அங்கேயே போயிற்று. அடுத்த மாதம் அவருக்குச் சுமாரில் பாதி, மோசத்தில் ஒரு பங்கு. மாயக்காளுக்கு மிக நன்று எப்போதும்போலக் குவிந்து கிடந்தது.

மாஸ்டருக்கு வந்ததே கோபம். யாரோ கை நிறையக் கொட்டையை அள்ளி அவளுக்குப் போடுகிறார்கள் என்றார். ஆளுக்கு ஒரு கொட்டை மட்டும் கையில் கொடுக்க வாசலில் என்னை உட்கார வைத்தார்கள். அப்படியும் மாயக்காள்தான். தற்செயல் என்றார். அடுத்த மாதமும் எடுத்தார்கள். அச்சு மாறாமல் அதே கணக்கு.

மாயக்காள் வந்து, "எல்லாம் மாஸ்டர் அண்ணன்ட்ட கத்துக்கிட்டதுதான் மேடம்" என்று சொன்னார். மனசாரத்தான் சொன்னார். அது இவருக்கு மிளகாயை அரைத்துப் பூசியது போல இருந்தது. என் குழம்பையே என் தலையில் ஊற்றுகிறாள் பார் என்று என் ஸ்டோரில் நின்று கத்தினார்.

கத்திக்கொண்டிருந்தவர் என் தராசைப் பார்த்ததும் நிறுத்தினார். அந்தத் தராசுக்கும் அவருக்கும் பழைய பகை. ஒருமுறை சாமான் வைக்கும் தட்டின் அடியில் மண்டைவெல்லம் உருகி ஒட்டிக் காய்ந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவையிலும் அதே அளவு குறைந்துகொண்டே இருந்தது. அதைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டியவர் அவர்தான். நேராக சத்யபிரியாவின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன், வேடிக்கையை விட மனசில்லை.

"மேடம், இவந் தராசு ரெண்டு மாசம் ஒரே மாதிரிதான் காட்டுச்சு. ஒரே மாதிரி தப்பாக் காட்டுச்சு. ஒங்க டின்னும் அப்படித்தான். அது கொழம்ப அளக்கல. வேற என்னத்தையோ அளக்குது."

சத்யபிரியா சிரித்தார். "நானும் அடுத்து அதத்தான் பாக்கணும்னு இருந்தேன் மாஸ்டர். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருதான்னு பாக்குறது ஒண்ணு. நாம நெனச்சதத்தான் அளக்குதான்னு பாக்குறது இன்னொண்ணு. மொதல் சோதனை முடிஞ்சிருச்சு. ரெண்டாவத எப்படிச் செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. ராவெல்லாம் இதையே நினைத்துப் புரண்டிருப்பார் போல. "என் கொழம்ப அவ பரிமாறட்டும். அவ கொழம்ப நான் பரிமாறுறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம். கொழம்பு எதுன்னு நாக்கு சொல்லிரும்."

அப்படியே முடிவாயிற்று. ஒரு வாரம் மாயக்காள் காலையிலேயே வந்து மதியச் சாப்பாட்டைச் சமைத்து வைத்தார். மாஸ்டர் ராத்திரிச் சாப்பாட்டைச் சமைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். விஷயம் எங்கள் நான்கு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த வாரம் மாஸ்டர் வைத்த தட்டப்பயறுக் குழம்பை நான் இரண்டு முறை ருசி பார்த்தேன். வைராக்கியத்தோடு வைத்த குழம்பு. பல்லில் பட்டதும் பயறு வெண்ணெயாகக் கரைந்தது.

வாரக் கடைசியில் டின்களை என் ஸ்டோரில் கொண்டுவந்து வைத்தார்கள். மாஸ்டர் முதலில் ராத்திரி டின்களைத்தான் திறந்தார். மிக நன்று டின்னில் கை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் கொட்டை.

"யாரு கொழம்பு இது? சொல்லு அப்பு, யாரு கொழம்பு?"

"ஒங்க கொழம்பு மாஸ்டர்."

"இம்புட்டு நாளும் என் கொழம்பு ருசி தெரிய இவய்ங்களுக்கு நாக்கு இல்லாமப் போச்சாம்ல. இப்ப எங்கருந்து வந்துச்சு நாக்கு?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே மதிய டின்களைத் திறந்தார்.

மாயக்காள் சமைத்து இவர் பரிமாறிய சாப்பாடு. வழக்கம்போலவே சுமாரில் பாதி, மோசத்தில் ஒரு பங்கு.

"பாத்தியா, அவ கொழம்பு லெச்சணத்த" என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். அதே மாயக்காள் குழம்புதான் இத்தனை மாதமாக ராத்திரியில் மிக நன்று வாங்கியது. மாஸ்டர் கணக்கில் புலி. அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சத்யபிரியா வாசல் வரை வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

மாஸ்டர் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அப்பு, அவ கொழம்ப நான் ஊத்துனா ஏன் கசக்குது?"

பாவமாக இருந்தது. ஆனால் எத்தனையோ வருடம் அந்தக் கரண்டிக்கு முன்னால் தட்டு நீட்டியவன் நானும்தானே. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"மாஸ்டர், ஒங்க வீட்டுக்கு ஒரு ஆளு வந்து சாப்பிட உக்காந்தா, போதுமான்னு கேப்பீகளா?"

"சேச்சே. வீட்டுக்கு வந்தவகள யாராவது அப்படிக் கேப்பாகளா? இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கங்கன்னுதான் சொல்லுவோம்."

"இங்க என்ன கேக்குறீக?"

போதுமா என்பது பகையாளி வீட்டுப் பந்தியில்கூட எங்கள் பக்கம் கேட்காத கேள்வி. கரண்டியைத் தூக்கிப் பிடித்துப் போதுமா என்று கேட்டால் மானமுள்ளவன் போதும் என்றுதான் சொல்வான். வயிறு நிறைந்து சொன்னதாக மாஸ்டர் எடுத்துக்கொண்டார். எட்டு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன் அந்தக் கோபத்தையெல்லாம் சுவருக்குப் பின்னால் இருந்த டின்னில் போட்டிருக்கிறான்.

குறை சமையலில் இல்லை, பரிமாறுவதில்தான் என்று தெரிந்துவிட்டதால், புதிய கேண்டீன் திறந்தபோது தலைமைச் சமையல்காரர் பதவி ராயப்பராஜ் மாஸ்டருக்கே கிடைத்தது. இரண்டு யூனிட்டுக்கும் சமையல் அவர் பொறுப்பு. பரிமாறும் கூடம் முழுக்க மாயக்காள் பொறுப்பு. மாஸ்டர் கையில் இனி கரண்டி கிடையாது என்பதை சத்யபிரியா வெகு பக்குவமாகச் சொன்னார். ஆசைப்பட்ட பதவி கைக்கு வந்தும் மாஸ்டருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. சமையற்கட்டு ஜன்னல் வழியாக மாயக்காள் பரிமாறுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார். தன் குழம்பை வாங்கிக்கொண்டு ஜனங்கள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அடுப்பில் ரசம் பொங்கி வழியும்.

திறப்பு முடிந்த ஒரு வாரத்தில், ஒருநாள் மத்தியானம் அவரே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். எனக்கு முன்னால் நின்றார். மாயக்காள் ஊற்றும்போது கரண்டி தாழ்ந்தே இருந்தது.

"போதும்த்தா" என்றார் மாஸ்டர்.

"என்னாண்ணே போதும்? இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கங்க. ஒங்க கொழம்புதான்" என்று மாயக்காள் இன்னொரு கரண்டி ஊற்றினார். வெஞ்சனமாக வைத்த பொரியலும் கேட்காமலே இன்னொரு கை வந்தது.

மாஸ்டர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவும் இடத்தில் ஒரு புளியங்கொட்டையை எடுத்து, ஐந்து டின்னுக்கும் முன்னால் நின்று விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. கடைசியில் மிக நன்றில் போட்டார்.

நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது கொழம்புக்கு" என்றார்.