பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்கள்

கான்சாபுரம் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. கணக்குப் பாடமும் என்னுடையதே. போன வருஷப் பெற்றோர் கூட்டத்துக்கு வகுப்பு நிறைய நாற்காலி போட்டு வைத்தோம். வந்தது நாலே பேர்.

"இவங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்ல சார்" என்று தலைமையாசிரியரிடம் பொரிந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும் பஸ்ஸில் இடமிருந்தும் உட்காரப் பிடிக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரியான ஒரு மாணவி ஒன்பது நாளாக வரவில்லை. அவள் அம்மா போனை எடுப்பதே இல்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் வேலை என்று மட்டும் தெரியும்.

சனிக்கிழமை அங்கேயே போய்விட்டேன். சாப்பாட்டு நேரம் வரை கேட்டுக்கு வெளியே அங்குமிங்கும் நடந்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அந்த அம்மா வந்தார். கூடவே அவர் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர்.

"கூட்டத்துக்கு ஏன் வரல?"

"மூணு மணிக்கு வச்சா எப்படி டீச்சர் வாரது? எங்கள வேன் கொண்டாந்து விடவே ஆறு மணி ஆயிருது."

"சரி, பிள்ளைய ஏன் நிறுத்துனீங்க?"

அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"நீங்க சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வச்சீக. அது முடியுறதுக்குள்ள எங்க ஊரு பஸ்ஸு போயிருது. பொறவு தோப்பு வழியாத்தான் நடந்து வரணும். அங்கன ஆளுக குடிச்சிட்டுக் கெடக்கானுக. ஒருநா ஒருத்தன் இவ பின்னாலயே வந்திருக்கான். அழுதுகிட்டே வந்து சேந்தா. டீச்சர்ட்ட சொல்லுன்னேன். திட்டுவாகன்னுட்டா."

அந்த வகுப்பு என் யோசனை. அதற்காகப் பாராட்டு வாங்கியவளும் நான்தான். என் பஸ் பள்ளி வாசலிலேயே நிற்கும். அந்தத் தோப்பை நான் பார்த்ததுகூட இல்லை.

பக்கத்திலிருந்த பெண் சொன்னார்: "காலையில வைங்க டீச்சர். வேன் ஏறுறதுக்கு முன்னால நாங்களே மாத்தி மாத்திக் கொண்டாந்து விடுதோம்."

அப்படியென்றால் நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செத்த நேரம் தயங்கிவிட்டுத்தான் சரி என்றேன்.

தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். கூட்டத்துக்கு வந்த நாலு பேரில் ஒருவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பள்ளிக் கேட்டைத் திறந்து, நான் வரும்வரை பிள்ளைகளோடு இருப்பதாகச் சொன்னார். அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ஊருக்குள்ளேயே வைத்தோம். பாதிக்கு மேல் வந்தார்கள். வந்தவர்கள் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததிலிருந்து ஆரம்பித்து எங்களை ஒரு பிடி பிடித்தார்கள்.

அந்த மாணவி நான் போய்வந்த அடுத்த புதன்கிழமையே பள்ளிக்கு வந்தாள். ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை வகுப்பு முடிந்ததும் கேட்டேன்: "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேனா?"

கொஞ்சம் யோசித்தாள். "திட்டியிருப்பீங்க டீச்சர்" என்றாள்.

இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தோப்பைப் பற்றிப் பெற்றோர்கள் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார்கள். இரண்டு நாள் போலீஸ் வந்து நின்றது. அப்புறம் அங்கே பழையபடி ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.