நாற்பத்தொன்று, பிரசெண்ட் சார்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால் நான் எச்சில் கையோடு எழுந்து போய்விடுகிறேன் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். "அப்பாவுக்கு வந்தவங்கள ஒரு நிமிஷம் நிக்க வெக்க முடியாது" என்று உங்கள் அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்துவிடுவேன். காரணம் சொன்னதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுமோ என்று பயம். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து பெரிதாக வராது. புகுமுக வகுப்போடு நின்றவன். பொறுத்துப் படியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் விழுப்புரத்தில் ரயில்வே லைனை ஒட்டிக் குடியிருந்தோம். அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போவாள். சித்தப்பா ஜங்ஷனில் மூட்டை தூக்குவார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் முடித்ததும் திண்டிவனத்தில் இருந்த ஒரு சின்ன தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. பழைய நெல் கிடங்கு ஒன்றைத் தடுத்து வகுப்பறைகளாக்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் சுவரிலிருந்து உமி வாசனை வரும். பின்னால் ஒரு நீளக் கூரைக் கொட்டகை. அதுதான் விடுதி.

எங்களைப் போன்றவர்களுக்குச் சர்க்கார் ஸ்காலர்ஷிப் உண்டு. அதை நம்பித்தான் சேர்ந்தேன். ஆனால் அந்தப் பணம் பொங்கல் தாண்டித்தான் கைக்கு வரும். அதுவரை விடுதிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போய்வரும்போது ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டுவந்து சமையலறையில் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தட்டு விழும். எங்கள் தெருவுக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் அன்றைக்கு இருந்த தூரம் உங்களுக்குத் தெரியாது. அந்தக் கொட்டகையில் மட்டும் அது இல்லை.

ஒருவரை ஒருவர் ஊர் பெயரால்தான் கூப்பிடுவோம். என் பாய்க்குப் பக்கத்துப் பாய் திருவெண்ணெய்நல்லூரான். கரும்பும் நெல்லும் போடுகிற வீடு. ஆறடி உயரம், தவிலடிக்கிற மாதிரி குரல். வகுப்பு வருகைப் பதிவில் அவன் நாற்பது, நான் நாற்பத்தொன்று.

சாப்பாடு கிடைத்தாலும் சோப்புக்கும் புத்தகத்துக்கும் வழியில்லை. வாரச் சந்தை நாட்களில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் மூட்டை தைக்கப் போக ஆரம்பித்தேன். வருகை குறைந்தால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். அதற்குத் திருவெண்ணெய்நல்லூரான்தான் வழி சொன்னான்.

"நீ போய்க்கினே இரு விழுப்புரம். உன் நம்பரையும் நானே பாத்துக்கறேன்."

"உன் தொண்டைக்கு ரெண்டு தெரு கேக்குமே. எப்பட்றா என்னை மாதிரி பேசுவே?"

"உன்னை மாதிரி பேசறதுக்கு இன்னாடா? பூனை வாலை மிதிச்சா வர்ற சத்தம். அவ்ளோதான்."

செய்து காட்டினான். கொட்டகையே உருண்டு சிரித்தது. எங்கள் விரிவுரையாளர் நோட்டை விட்டுத் தலை தூக்காதவர். "நாற்பது" என்றால் இடி மாதிரி ஒரு பிரசெண்ட் சார். "நாற்பத்தொன்று" என்றால் பூனை மாதிரி இன்னொன்று. கார்த்திகை மாதம் முழுக்க அப்படியே ஓடியது.

பிறகு ஒரு புரளி கிளம்பியது. ஸ்காலர்ஷிப் வாங்குகிற பையன்கள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று பார்க்க அதிகாரி வருவாராம். வேறொரு ஊரில் வகுப்பில் ஆள் இல்லாத பையனுக்குப் பணத்தை நிறுத்திவிட்டார்களாம். நான் மண்டிக்குப் போவதை விட்டுவிடுகிறேன் என்றேன். "வந்தா பாத்துக்கலாம், பேஜாரு பண்ணாதே" என்று திருவெண்ணெய்நல்லூரான் அடக்கிவிட்டான்.

மார்கழியில் ஒரு சந்தை நாள். நான் விடிந்ததும் மண்டிக்குப் போய்விட்டேன். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பியூன் கதவருகே வந்தாராம்.

"சார், விழுப்புரத்துலேர்ந்து ஒருத்தர் வந்திருக்காரு. சர்க்கார் பணத்துல படிக்கிற பையனக் கேக்கறாரு. நம்பர் நாற்பத்தொன்னு."

விரிவுரையாளர் தலை தூக்காமலே, "இருக்கான்ல?" என்றார்.

"பிரசெண்ட் சார்" என்றது பூனைக் குரல்.

"மணி அடிச்சதும் வருவான்னு சொல்லு."

பையன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஆபீஸ் பக்கத்தில் ஒருவர் நின்றார். இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் குடை. சந்தேகமே இல்லை, அதிகாரிதான். மணி அடித்ததும் செஞ்சிக்காரன் ஒருத்தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் பறந்தான். திருவெண்ணெய்நல்லூரான் பியூனைப் பிடித்தான்.

"அண்ணே, அவன் லேப்ல இருக்கான். சாயங்காலந்தான் வெளிய வருவான்னு சொல்லிடுங்கண்ணே."

பியூன் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "காத்துக்கினு இருக்கேன்னாருப்பா. போறவரா தெரியல."

மண்டியில் செஞ்சிக்காரன் மூச்சு வாங்க வந்து நின்றான். "டேய் விழுப்புரம், ஆபீசர் வந்துட்டான்டா. ஜல்தியா மூட்டைக்குப் பின்னாடி குந்து. நாங்க சொல்றவரைக்கும் தலை காட்டாதே."

நான் குந்திக்கொண்டேன். அடுக்கின மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். ஓட்டை மூட்டையிலிருந்து உதிர்ந்த மல்லாட்டையைப் பொறுக்கித் தின்றேன். பயமும் சிரிப்புமாக இருந்தது. எனக்காக ஒரு கல்லூரியே பொய் சொல்கிறதே என்று, உண்மையைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம் தூங்கினேன்.

மாலையில் எல்லா வகுப்பும் விட்ட பிறகும் அந்த ஆள் போகவில்லை. அதிகாரியைச் சமாதானப்படுத்தி அனுப்பலாம் என்று திருவெண்ணெய்நல்லூரான் ஒரு டம்ளர் டீ வாங்கிக்கொண்டு போனான்.

"சார், டீ சாப்பிடறீங்களா?"

அவர் பதறி எழுந்து குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டாராம்.

"வேணாங்க தம்பி. எங்க புள்ளக்கி கிளாஸ் வுட்டுட்டாங்களா?"

"எங்க புள்ளையா? நீங்க ஆபீசர் இல்லியா?"

"நானாங்க? ஜங்ஷன்ல மூட்ட தூக்கறவன். இது லாண்டிரிக்காரரு குடுத்த சட்டைங்க, நாளைக்குத் திருப்பித் தரணும். போன தபா துண்டோட வந்தேன். சட்டை இல்லாம இங்கெல்லாம் வரக்கூடாதுன்னு கேட்டுலயே வாட்ச்மேன் நிறுத்திட்டாரு. அண்ணிக்கு ஒடம்பு முடியல, ஆஸ்பத்திரில சேத்திருக்கு. புள்ளய ஒரு தபா பாக்கணும்னு சொல்லிச்சி."

டீ டம்ளர் கீழே விழுந்த சத்தத்தை அவன் எனக்குப் பல வருஷம் கழித்தும் சொல்வான். சித்தப்பா டம்ளருக்காக வருத்தப்பட்டாராம்.

மண்டிக்கு அவனே ஓடி வந்தான். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாடா. உங்க சித்தப்பாடா" என்றான். அவன் குரல் இடி மாதிரியும் இல்லை, பூனை மாதிரியும் இல்லை.

மூன்று பேரும் ரயில் ஏறினோம். சித்தப்பா சட்டையைக் கழற்றி, கரி படாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெற்றுடம்போடு உட்கார்ந்தார். குடை எங்கள் தெரு வாத்தியாருடையது. சித்தப்பா என்னைக் கோபிக்கவில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"பெரிய படிப்புதாண்டா. காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் வெளிய வுடவே மாட்டேன்றாங்களே. உங்கம்மா கிளம்பறப்பவே சொல்லிச்சி, படிக்கிறப்ப கூப்டாதே, மணி அடிச்சப்புறம் கூப்டு, படிப்பு கெட்டுடும்னு. போய் சொன்னா பூரிச்சிப் போயிடும்."

திருவெண்ணெய்நல்லூரான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முண்டியம்பாக்கம் தாண்டும்போது அவன் தோள் குலுங்கியது. சித்தப்பா அவனுக்குக் குளிர் என்று நினைத்துத் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்த அழுகையிலேயே தெரிந்துவிட்டது. மதியமே போய்விட்டாளாம். கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "வந்துக்கினு இருக்கான்னு சொல்லிக்கினே இருந்தோம் கண்ணு" என்றாள் ஒருத்தி.

சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சித்தப்பா ஒன்றையே சொன்னார். "புள்ள படிச்சிக்கினு இருந்தான். நான்தான் கூப்டல." யாரும் கேட்காமலே சொன்னார். கொள்ளி வைத்துவிட்டு வரும்போதும் சொன்னார். அவர் தவறில்லை என்று சொல்ல வேண்டுமானால் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால், நான் பொழுது சாயும்வரை படித்தது அம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும் என்று அவர் நம்புவதும் இல்லாமல் போய்விடும். நானும் சொல்லவில்லை, திருவெண்ணெய்நல்லூரானும் சொல்லவில்லை. அவன் சுடுகாடு வரை வந்தான். எங்கள் தெருவில், எங்கள் வீட்டில், காரியம் முடியும் வரை தங்கிச் சாப்பிட்டான். அது தெரிந்து அவன் வீட்டில் அவனை என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை.

திண்டிவனத்துக்குத் திரும்பிய முதல் நாள். நாங்கள் ஊரில் இருந்தபோது எங்கள் இரண்டு நம்பருக்கும் யாரும் குரல் கொடுக்கவில்லை என்று செஞ்சிக்காரன் சொன்னான். என் தலை மொட்டையாக இருந்தது.

விரிவுரையாளர் நோட்டைத் திறந்தார். "நாற்பது" என்றார். என் பக்கத்தில் அவன் எழுந்து சும்மா நின்றான். "நாற்பது?" என்றார் மறுபடி. நின்றுகொண்டே இருந்தான். பிறகு, "நாற்பத்தொன்று." நானும் எழுந்து நின்றேன்.

அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவர் தலையைத் தூக்கினார். அவனைப் பார்த்தார். என் மொட்டைத் தலையைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். "உட்காருங்கப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நம்பருக்கும் நிமிர்ந்து முகம் பார்த்துத்தான் குறித்தார். நாற்பதும் நாற்பத்தொன்றும் வந்தால் நாங்கள் எழுந்து நிற்போம். அவரும் குரல் கேட்க மாட்டார்.

பொங்கல் தாண்டி ஸ்காலர்ஷிப் வந்தது. காரியத்துக்கு ஊரில் இருந்த நாட்களைத் தவிர என் வருகையில் குறை எதுவும் இல்லை. அம்மா போன அன்றும் நான் வகுப்பில் இருந்தேன் என்றுதான் அதில் இருக்கிறது. அந்தப் பணத்தில் விடுதிக்கு அரிசி வாங்கிப் போட்டேன். அந்த வருஷம் தேறினேன். மேலே படிக்க அவனும் மற்றவர்களும் எவ்வளவோ சொன்னார்கள். என்னால் முடியவில்லை.

சித்தப்பா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்களை உட்காரவைத்து, "உங்கப்பன் மாதிரி படிக்கணும். பொழுது சாயற வரைக்கும் எழுந்திருக்கவே மாட்டான்" என்று சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவர் இருக்கும்வரை இதை அவரிடம் சொல்லாதீர்கள்.