வீரம்மாள் கொண்டுவந்த வெள்ளைப் பூச்சி

வீரம்மாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் பெருமுக்கல் கிராமத்தில் அதிகம் இல்லை. காலில் சக்கரம் கட்டியவள் என்பார்கள். புருஷன் போன பிறகு, மலையடியில் இருந்த ஒரு காணி மானாவாரிக் கொல்லையில் தனியாகவே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டாள். அந்த நாளில் அவளுக்கு இருந்த ஒரே பகை சப்பாத்திக் கள்ளி.

கிழக்கே புறம்போக்கிலிருந்து வருஷா வருஷம் அது கொல்லைக்குள் ஏறிக்கொண்டே வந்தது. வெட்டிப் போட்டால், வெட்டிய மட்டையெல்லாம் வேர்விட்டு எழுந்தது. என்ன ஜன்மமோ! ஆனால் மேற்கே, மலைப் பக்கம், அவளுக்கு வேலியும் அதே கள்ளிதான். அந்த முள்ளைத் தாண்டி ஆடும் வராது, மல்லாட்டையைப் பறித்துத் தின்னும் குள்ளநரியும் வராது. ஒரே செடியைக் கிழக்கே திட்டிக்கொண்டும் மேற்கே நம்பிக்கொண்டும் காலம் தள்ளினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், திண்டிவனம் விவசாய ஆபீசில் கள்ளியைத் தின்னும் பூச்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அன்றைக்கே நடந்து போய், பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை படிந்த கள்ளிமட்டை ஒன்றை வாங்கிவந்து கிழக்குப் புதரில் சொருகினாள். மறு வருஷம் புதர் அழுகிச் சாய்ந்தது. வரப்புவரை ஏர் ஓட்டிவிட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தாள். பூச்சிக்குக் கிழக்கு மேற்கு தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மல்லாட்டை காய் பிடிக்கிற நேரத்தில் மேற்கு வேலியில் வெள்ளை தெரிந்தது. சாம்பல் தூவினாள், விளக்குமாற்றால் தட்டினாள், விரலால் நசுக்கினாள். நசுக்க நசுக்க அதன் சிவப்புச் சாறு பட்டுக் கைதான் ரத்தமாய்ச் சிவந்தது, பூச்சி குறையவில்லை. சோறு இறங்காமல், மறுபடி திண்டிவனத்துக்கு ஓடினாள்.

"ஐயா, இந்தப் பூச்சியத் தின்னுற பூச்சி எதுனா இருந்தா குடுங்க."

ஆபீஸ்காரர் சிரிக்கவில்லை. "ஒரு வண்டு இருக்கும்மா" என்று ஒரு டப்பாவை நீட்டினார்.

வாங்கப் போன கையைப் பாதியில் நிறுத்தினாள். "பூச்சியெல்லாம் தீந்துபோச்சுன்னா, இது இன்னாத்தத் தின்னும்?"

"தெரியாதும்மா. விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

அந்தப் பதில் அவளைப் பயமுறுத்தியது. வெறுங்கையோடு திரும்பிவிட்டாள்.

வேலி விழுந்தது. குள்ளநரிகள் வந்தன. தகரத்தைத் தட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இந்த மூலையில் விரட்டினால் அந்த மூலையில் பறித்தன. கடைசியில், நரிக்குப் போகிறதற்குப் பதில் தனக்கே ஆகட்டும் என்று, பாதி பிஞ்சாக இருந்த செடியைத் தானே பிடுங்கினாள். பிடுங்கும்போது வாய்விட்டு அழுதாள்.

பக்கத்துக் கொல்லைக்காரன் அப்பாதுரை வந்து நின்றான். அவன் வேலியிலும் வெள்ளை ஏறியிருந்தது. சண்டைக்கு வந்திருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவனோ மெதுவாகத்தான் கேட்டான்.

"வண்டு குடுத்தாங்களாமேக்கா, வேணான்னுட்டியாமே?"

"ஆமாம்பா. பயந்துக்கினு வந்துட்டேன்."

"வாங்கியாந்திருந்தா என் வேலியாவது நின்னிருக்குமா?"

வீரம்மாள் குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினாள்.

அதன்பின் பல வருஷம் உயிரோடு இருந்தாள். களை எடுக்கும்போது திடீரென்று நிமிர்ந்து, பக்கத்தில் யார் இருந்தாலும், "நின்னிருக்குமா?" என்று கேட்பாள்.