துப்ப மறுத்த என் கணவர்

இன்று மெல்பேர்ணில் ஜோர்ஜிய நாட்டு வைன்களை மட்டும் ருசி பார்க்கும் கண்காட்சி. நான் பல வாரங்களாகக் காத்திருந்தது. இப்படியான இடங்களில், வெறிக்காமல் இருக்க, ருசி பார்த்த வைனைத் துப்புவதற்கு மேசைதோறும் வாளி வைத்திருப்பார்கள்.

"நீர் ஆறுதலாக் குடியும். நான் வாளியில துப்பிப்போட்டு காரை ஓட்டுறன்" என்று சொல்லித்தான் கணவர் வந்தார்.

முதல் மேசையில், மண் சாடியில் புளிக்கவைத்த வைனை அதைச் செய்தவரே ஊற்றிக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் துப்பினார்கள். இவர் விழுங்கினார்.

"என்னப்பா, துப்பேல்லையே?"

"ஊத்தித் தந்த மனிசன் முன்னால நிக்கிறார். அவற்ற முகத்துக்கு நேர எப்பிடித் துப்பிறது?"

அடுத்தடுத்த மேசைகளிலும் ஊற்றியவர்கள் முன்னால்தான் நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் இவரை மிகவும் பிடித்துப்போனது.

நான் முதல் மிடறோடு நிறுத்திக்கொண்டு சாவியை வாங்கினேன். நோபல் பார்க்கில் எங்கள் வீடு வரும்வரை, நான் குடிக்காத வைன்களின் ருசியை ஒன்றுவிடாமல் விவரித்துக்கொண்டு வந்தார்.

துப்பத் தெரிந்த கணவர் உள்ளவர்கள் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் காரில் வருகிறேன்.