செக்பொயின்றில் தலையாட்டிய நாள்

கொரோனா ஊரடங்கு நேரம், நாங்கள் வந்து குடியேறிய நாட்டில், மாசி மாதம் பொலிசின் சோதனைச் சாவடியில் தொண்டனாக நின்றேன். நான் எட்டாம் வகுப்புப் படித்தவன். தந்த வேலையும் பெரியதல்ல. ரோட்டில் வைத்த கூம்புகளுக்குப் பின்னால் நின்று, மாஸ்க் இல்லாதவர்களுக்கு மாஸ்க் கொடுப்பது. சனத்தோடு கதைப்பது கொன்ஸ்டபிளின் வேலை.

முதல் நாள் திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டு, மஞ்சள் வெஸ்டைப் போட்டுக்கொண்டு போனேன். பத்து மணியிருக்கும். ஒரு பழைய கார் தள்ளியே நின்றது. வயதான ஒருவர் இறங்கி, பாஸ்போட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி நடந்து வந்தார். எங்கள் ஆள் என்று உடனே தெரிந்துவிட்டது. சண்டைக் காலத்தில் ஊரில் இராணுவச் செக்பொயின்ற் என்றால் அப்படித்தான் இறங்கி நடப்போம்.

கொன்ஸ்டபிள் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண். "கெற் பாக் இன் த கார்!" என்று, காருக்குள் திரும்பிப் போகச் சொல்லிக் கத்தினாள். அவள் கத்தக் கத்த அவருடைய கை இன்னும் உயர்ந்தது.

நான் கூம்பைத் தாண்டினேன். "அண்ணை, கையை இறக்குங்கோ. இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

"மனுசிக்கு டயாலிசிஸ் தம்பி. போன முறையும் விட்டாச்சு. இண்டைக்கும் விட்டா ஆள் தப்பாது. ஆஸ்பத்திரிக் கடிதத்தை வீட்டிலை வைச்சிட்டு வந்திட்டன்."

அதைக் கொன்ஸ்டபிளுக்குச் சொன்னேன். காரைக் கிட்ட எடுக்கச் சொல்லி உள்ளே பார்த்தவள், "நீ இவர்களை நம்புகிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அதுதான் நான் விட்ட பிழை.

"ஐயோ, தலையாட்டி!" காருக்குள் இருந்த அக்கா கத்தினா. "இஞ்சையும் வந்திட்டாங்கள். காரைத் திருப்புங்கோ! செத்தாலும் வீட்டிலை சாவன்."

இளம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாது. ஊரில் ஆமி எங்களை வரிசையில் நடத்தும். பக்கத்தில் முகத்தை மூடிய ஒரு தமிழன் இருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ, அந்த ஆளை ஆமி பிடித்துக்கொண்டு போகும்; வீடு திரும்புவது முருகன் விட்ட வழி. இப்போது நானும் மாஸ்கால் முகத்தை மூடிக்கொண்டு, பொலிசுக்குப் பக்கத்தில் நின்று, தலையாட்டியிருக்கிறேன்.

நாலு எட்டுப் பின்னால் போய் மாஸ்கைக் கழற்றினேன். "மாஸ்க்!" என்றாள் கொன்ஸ்டபிள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, இதுதான் என்ரை முகம். வடிவாப் பாருங்கோ. பேர் சிவராசா. ஊர் சாவகச்சேரி."

அக்கா என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தா. "பிறகேன் தலையை ஆட்டினனீ? வாய் இல்லையோ உனக்கு?"

"கிடக்கு அக்கா."

"அப்ப வாயாலை சொல்லு."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சந்தி முழுக்கக் கேட்கச் சொன்னேன்: "யெஸ்! ஐ பிலீவ் தெம். ரைற் மை நேம்." இவர்களை நம்புகிறேன், பொறுப்புக்கு என் பெயரை எழுதிக்கொள் என்று.

கொன்ஸ்டபிள் வழி விட்டாள். என் நம்பரை வாங்கிக்கொண்டு போன அண்ணை மத்தியானம் போன் எடுத்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொன்னார்.

பின்னேரம் தொண்டர்களின் பொறுப்பாளர் கூப்பிட்டார். கூம்பு தாண்டியதும் மாஸ்க் கழற்றியதும் பிழை, இன்னொரு முறை நடந்தால் வெஸ்டைத் தந்துவிட்டுப் போ என்றார். அவர் சொன்ன சட்டம் சரி. ஆனால் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. "இன்னொரு முறையும் இதைத்தான் செய்வேன்" என்று வெஸ்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை.

தொண்டுக்கு வரும் பிள்ளைகளே, பொலிசுக்குப் பக்கத்தில் நிற்கும் நாளில், முதலில் சனத்துக்கு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பயந்தவர்களுக்கு அதுதான் முதல் உதவி.