ஈக்வல் பட்டன் இல்லாத ஊர்

போன வாரம் அமெரிக்காவில் பக்கத்து வீட்டு அம்மாள் என் கால்குலேட்டரை இரவல் வாங்கிப்போய், நான்கே நிமிடத்தில் முகம் வாடித் திரும்பி வந்தாள். தன் கையில் உடைந்துவிட்டது என்றாள். உடையவில்லை, அது அப்படித்தான் என்றேன். நான் ஆறுதல் சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் வாசற்படியில் புதிய கால்குலேட்டர் ஒன்றும் ஒரு டப்பா பிஸ்கட்டும் இருந்தன. பிஸ்கட் பன்னிரண்டு. அந்த நாட்டில் உண்மையைச் சொன்னால் பரிசு கொடுத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். என் பழைய கருவியில் முப்பத்தொன்பது பொத்தான்கள் இருக்கின்றன, ஈக்வல் மட்டும் இல்லை. அதைத்தான் அவள் தேடியிருக்கிறாள். முதன்முதலில் கையில் வாங்கிய அன்று நானும் தேடினேன்.

1993இல் ஒகாயோவில் நில அளவை ஆபீஸ் ஒன்றில் சேர்ந்த முதல் நாளே இந்தச் சனியனைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர் டேல், எனக்கு மேலதிகாரி. ஈக்வல் எங்கே என்று கேட்டேன். “உனக்கு அது தேவைப்படாது” என்றார். எனக்குக் கணக்கு வேலை தரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் சோறு இறங்காமல் கிடந்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. ஐந்தும் மூன்றும் கூட்ட, ஐந்தை அழுத்தி, என்டர் அழுத்தி, மூன்றை அழுத்தி, கடைசியில் கூட்டல் குறியை அழுத்த வேண்டும். முதலில் எண்கள், பிறகுதான் என்ன செய்வது என்ற உத்தரவு. சாப்பாட்டை விழுங்கிவிட்டு வெறும் வாயை மெல்லுவது போல எனக்கு அருவருப்பாக இருந்தது. டேல் பெருமையாக ஒரு கணக்கைச் செய்து காட்டினார்: இரண்டு பக்கங்களைக் கூட்டி, இரண்டால் வகுத்து, அகலத்தால் பெருக்குவது. நம் முறையில் அடைப்புக்குறியோடு பதினாறு அழுத்தல், அவர் முறையில் பதினான்கு. இரண்டு அழுத்தலை மிச்சம் பிடிக்க ஒரு மனிதன் தன் மூளையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அதற்கு முன்பு திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பதினோரு வருடம் சர்வே பாடம் எடுத்தவன் நான். கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த கால்குலேட்டர் என்னிடம் இருந்தது. காகிதத்தில் எழுதுகிற வரிசையிலேயே அதில் அழுத்தலாம். பிராக்கெட் போடாத பையன்களுக்கு நான் மதிப்பெண்ணே போட்டதில்லை. அப்படிப்பட்டவன் ஒகாயோவில் எட்டே மாதத்தில் மாறிப்போனேன். கூட்டினால் விடை உடனே வந்து நிற்கும், அடுத்த உத்தரவு அந்த விடையின் மேல்தான் பாயும். பிராக்கெட்டுக்கு அங்கே வேலையே இல்லை. வேலையில்லாததை விரல் மறந்துவிடும். மறந்தது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் கேடு.

2011இல், விழுப்புரம் தாண்டி இருக்கும் எங்கள் ஊர் கெடாரில் அப்பாவின் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள், நானும் வந்திருந்தேன். எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தம்பி அந்தோணிக்கும் தங்கை லூர்துக்கும் சரிபாதி. அந்தோணியே டேப் பிடித்து அளந்து, 220க்கு 120 அடி என்று நேரான துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, வாய்க்கால் ஓரத்துக் கோணல் துண்டை லூர்துக்கு ஒதுக்கியிருந்தான். அதன் ஒரு பக்கம் 210 அடி, எதிர்ப்பக்கம் 230, அகலம் 120. எதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. என் கருவி ஒகாயோவில் இருந்ததால், இன்ஜினீயரிங் படிக்கும் அந்தோணி மகளின் கால்குலேட்டரை வாங்கி, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையிலேயே நின்று அழுத்தினேன். 210, கூட்டல், 230, வகுத்தல் 2, பெருக்கல் 120. கடைசியில் சென்ட் ஆக்கினேன். முப்பத்திரண்டு வந்தது. அந்தோணி துண்டுக்கு அறுபதரை.

“அந்தோணி, தங்கச்சிக்குப் பாதிதான் குடுத்திருக்கே” என்றேன். நாலு பேர் முன்னால்தான் சொன்னேன்.

அவன் டேப்பைக் கீழே வைத்தான். “இன்னாண்ணா சொல்லிக்கினு கீறே? நான் திருடனா?”

கணக்கு சொல்லுது என்றேன். வாத்தியார் குரலில் சொன்னேன். லூர்து அந்தோணி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாலை அவள் புருஷன் சவரி வந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர். கடையில் கிடக்கும் சாதாரணக் கால்குலேட்டரில், வரிசையாக அழுத்தினார். அறுபதரை வந்தது. நான் சிரித்தேன். இதெல்லாம் மளிகைக்கடைச் சாமான், நம்பக்கூடாது மாப்பிள்ளை என்றேன். பிறகு சந்தேகம் வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அறுபதரைதான். அந்தோணி மகளின் கால்குலேட்டர் கூட்டலுக்கு முன்பு வகுத்தலைச் செய்யும். பிராக்கெட் போடாததால் அது 230ஐ மட்டும் பாதியாக்கிவிட்டது. பதினோரு வருடம் நான் பூஜ்யம் போட்ட தப்பு.

அந்தோணியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டான், கையை மட்டும் இழுத்துக்கொண்டான். லூர்திடம் போனேன். அவள் சொன்னதை இன்னும் செரிக்க முடியவில்லை. “பெரியண்ணன் உனுக்கே காலையில ஒரு கணக்கு, சாயந்தரம் ஒரு கணக்கு வருது. எங்களுக்கு எது நெசம்னு யார்ணா சொல்றது? கவர்மெண்டு சர்வேயரே வரட்டும்.” சர்வேயர் வந்தார், அளந்தார், அதே அறுபதரை என்றார். அதற்குள் தம்பி திருடன் என்ற சொல் கெடாரைச் சுற்றி வந்துவிட்டது. இரண்டு துண்டுக்கும் நடுவே பத்தொன்பது கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். அந்த ஈஸ்டருக்கு ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்குப் பலகாரப் பாத்திரம் போகவில்லை. கருவியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று கருவிகளும் தம் தம் முறையில் சரியாகத்தான் வேலை செய்தன. என்னைத்தான் சொல்ல வேண்டும். நாடு மாறியவன் ஊருக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்க வேண்டும், பஞ்சாயத்து பண்ணக்கூடாது.

இரண்டு பேரையும் பேச வைத்துவிடலாம் என்று இப்போது மறுபடி கிளம்பி வந்தேன். சென்னையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் வந்துவிட்டேன். எந்த வீட்டுக்கு முதலில் போவது? அந்தோணி வீட்டில் பெட்டியை இறக்கினால் தங்கை கதவைச் சாத்துவாள், அவளிடம் போனால் அவன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் ரூம் எடுத்து மூன்று நாளாகக் கிடக்கிறேன். வந்திருப்பதை இருவருக்கும் சொல்லவில்லை.

இன்று பகல் பதினொன்றரைக்கு, அமெரிக்க நம்பரிலிருந்தே லூர்துக்குப் போன் செய்தேன். மெல்ல அந்தோணி பேச்சை எடுக்க நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அங்க இப்ப இன்னா நேரம்ணா?”

பத்தரை மணி நேரத்தைக் கழித்தேன். “ராத்திரி ஒரு மணி.”

“தூங்கலையா? ஒடம்பு சரியில்லையா?”

ஜன்னலுக்குக் கீழே ஒரு கண்டக்டர் விழுப்புரம், விழுப்புரம் என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

“அது இன்னாண்ணா சத்தம்?”

டிவி என்றேன். சரி, அணைச்சுட்டுப் படுண்ணா என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில் விளக்கை அணைத்துப் படுத்தேன். கீழே விழுப்புரம் பஸ் கிளம்பியது. மூன்று நாளில் நான் எண்ணியதில் நூற்றுப் பதினான்காவது.