அப்பா ஓய்வெடுத்த ஞாயிறு

அப்பாவுக்கு ஓய்வு தொடங்கியது ஆடிக் கடைசியில் என்பாள் அம்மா. அது தவறு. தெருவில் ஆடிக் கடைசி ஞாயிறு கூழ் ஊற்றி, பந்தலையும் பிரித்த பிறகு வந்த ஞாயிறு அது, ஆகவே ஆவணி. நான் அப்போது ஆறாம் வகுப்பு.

இரும்புலியூரில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அப்பா. வார நாட்களில் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையைக் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார், லிஃப்ட், தண்ணீர் லாரி, மேல்வீட்டுத் துணி கீழ்வீட்டில் சொட்டுகிற சண்டை எல்லாம் அவர் தலையில். ரத்த அழுத்தம் ஏறியது.

“ஞாயித்துக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் சும்மா படுங்க சார். அடுத்த தடவையும் பிரஷர் இறங்கலேன்னா மாத்திரைதான்,” என்றார் டாக்டர். அப்பாவுக்கு மாத்திரை என்றாலே நடுக்கம். ஒரே ஒரு மாத்திரையில் ஆரம்பித்த பெரியப்பா, இப்போது கல்யாண வீட்டுக்கும் டப்பாவோடு வருகிறவர்.

அம்மா காரியத்தில் இறங்கினாள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டாள்: “டாக்டர் ஆலோசனைப்படி செயலாளர் இன்று மதியம் ஓய்வில் இருப்பார். தயவுசெய்து யாரும் போன் செய்ய வேண்டாம்.”

யாரும் போன் செய்யவில்லை. நேரில் வந்தார்கள்.

எதிர் ஃப்ளாட் அக்கா ஆப்பிளோடு வந்தார். “சொல்லவே இல்லையேக்கா! எந்த ஆஸ்பத்திரி?” பின்னாலேயே இரண்டாம் மாடிக் கணக்கு வாத்தியார், சாத்துக்குடியோடு.

“ஒண்ணுமில்ல சார், சும்மாதான் படுத்திருக்கேன்,” என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“சும்மா யாராவது படுப்பாங்களா? தைரியமா இருங்க. என் மச்சானும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னான்.” மச்சானுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதை வாத்தியார் சொல்லவில்லை.

தண்ணீர் லாரி டிரைவர் இளநீரோடு வாசலில் நின்றார். “இன்னாக்கா, சாரு படுத்துகினு கீறாராமே? கேட்டதும் பேஜாரா பூட்ச்சுக்கா.”

உடம்பு விசாரிக்க வந்தவர்களைக் காபி தராமல் அனுப்ப முடியுமா? அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. கூட்டம் கலைந்தபோது, தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாலையில் மருந்துக் கடையில் அளந்து பார்த்தால், பிரஷர் முன்னைவிட அதிகம்.

அடுத்த ஞாயிறு மதியம், “பட்டறையில் அவசர வேலை” என்று அப்பா குழுவில் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஒரு பையில் தலையணையைத் திணித்துக் கொடுத்தாள்.

“பட்டறைக்கு எதுக்கும்மா தலகாணி?” என்றேன்.

“அங்க சேர் ஒசரம் பத்தலையாம்,” என்றாள்.

நான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும், சாவி அப்பாவிடம்தான் இருக்கும் என்பதெல்லாம் பல வருடங்கள் கழித்துத் தெரிந்த செய்தி. அதே போல நாலைந்து ஞாயிறுகள் போயின. டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, மாத்திரை வேண்டாம் என்றார்.

அந்த ஞாயிறுகளில் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் தெரு முனையில் மறைந்ததும், அம்மா கதவைத் தாழிட்டு, போனை அணைத்துவிட்டு, கூடத்தில் ஃபேனுக்கு நேர்கீழே வெறுந்தரையில் கண்ணை மூடிப் படுத்துவிடுவாள். லீவு நாளில்கூட அப்பா உழைக்கப் போகிறாரே என்கிற துக்கம் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, விடாமல் பேசி அவளைத் தேற்றுவேன்.

“போய்ப் படிடா,” என்பாள், கண்ணைத் திறக்காமலே.

அவ்வளவு துக்கத்திலும் என் படிப்பை மறக்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோகும்.